இரண்டேகால் கிலோமீட்டர்: மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுக்களுக்குத் தலைமை வகிக்கும் ஆட்சியர்களுக்கும், அவற்றில் இடம்பெற்றுள்ள காவல், போக்குவரத்து, நெடுஞ்சாலைத் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர். அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பதினான்கு ஆண்டுகள் சாலைப் பாதுகாப்பு மன்றத்துக்குப் பொறுப்பாசிரியராக இருந்தேன். ஜனவரி பிறந்தால் சுற்றறிக்கை வந்துவிடும். 'தலைக்கவசம் உயிர்க்கவசம்' என்று எழுதிய பதாகையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் பேருந்து நிலையத்திலிருந்து தாலுகா அலுவலகம் வரை நடப்பார்கள். ஒருவர் யமன் வேடத்தில் பாசக்கயிற்றுடன் முன்னே வருவார். உறுதிமொழி, புகைப்படம், மறுநாள் நாளிதழில் ஒரு துண்டுச் செய்தி. 2021இல் சாலைப் பாதுகாப்பு வாரம் சாலைப் பாதுகாப்பு மாதமாக விரிந்தபோது எங்கள் நிகழ்ச்சிகளும் கூடின. இவற்றையெல்லாம் முழு நம்பிக்கையோடு செய்தவன் நான். அந்த நம்பிக்கை எப்படிக் கரைந்தது என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். புறவழிச்சாலைக்கு அந்தப் பக்கம் உள்ள சிற்றூரைச் சேர்ந்தவன். எதிர்த்திசையில் வண்டி ஓட்டுவது ஏன் ஆபத்து என்று ஒருநாள் கரும்பலகையில் படம் வரைந்து விளக்கிக்கொண்டிருந்தேன். எதிரெதிரே வரும் இரண்டு வாகனங்களின் வேகமும் சேர்ந்துகொள்வதையும், தப்பிக்கக் கிடைக்கும் நேரம் குறைந்துபோவதையும் காட்டினேன். அவன் எழுந்து நின்று கேட்டான்: "அப்படியென்றால் எங்கள் ஊருக்கு எந்த வழியாகப் போவது, ஐயா?" வகுப்பு சிரித்தது. "சுரங்கப்பாதை வழியாகப் போக வேண்டும்" என்று சொல்லிவிட்டு நான் அடுத்த விதிக்குப் போய்விட்டேன்.

அன்று மாலை மனம் கேட்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அந்த ஊர் விலக்குக்குப் போனேன். மீட்டரைப் பார்த்தபடியே ஓட்டினேன். விலக்கிலிருந்து சுரங்கப்பாதைக்கு இரண்டேகால் கிலோமீட்டர். அதன் வழியே மறுபக்கம் வந்து, விலக்குக்கு நேர் எதிரே உள்ள பால் சங்கத்தை அடைய இன்னும் இரண்டேகால். விலக்கில் நின்றால் பால் சங்கத்தின் பெயர்ப்பலகையை வாசிக்கலாம், அவ்வளவு பக்கம். சர்வீஸ் சாலையோ பாதியிலேயே நின்றுபோயிருந்தது. அந்த ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? சாலையின் ஓரமாக எதிர்த்திசையில் சிறிது தூரம் போய், சென்டர் மீடியனில் யாரோ உடைத்து வைத்திருந்த இடைவெளி வழியாகக் கடந்தார்கள். பால் கேனோடு விடியற்காலையிலும், பிள்ளையோடு எட்டரை மணிக்கும், ஆலை ஷிப்ட் முடிந்து நள்ளிரவிலும் அப்படித்தான் கடந்தார்கள். கண்ணெதிரே தெரியும் இடத்துக்கு நாள்தோறும் நான்கரைக் கிலோமீட்டர் சுற்றிப் போகச் சொன்னால் நானும் போக மாட்டேன். பொறுப்பாசிரியராக இருந்தவன் இதை எழுதக் கூடாதுதான். ஆனால் உண்மை அதுதான்.

மூன்று ஆண்டுகள் கழித்து, மார்கழிப் பனி இறங்கிய ஒரு காலையில், அந்த இடத்தில் பால் கொண்டுபோனவர் ஒருவர் லாரி மோதி இறந்தார். எதிர்த்திசையில் அஜாக்கிரதையாக வாகனத்தை ஓட்டி வந்ததாக முதல் தகவல் அறிக்கை சொன்னது. ஒரு மாதத்துக்குள் மீடியன் இடைவெளியைக் கான்கிரீட் கட்டைகளால் அடைத்தார்கள். பக்கத்தில் ஒரு விழிப்புணர்வுப் பதாகையும் வைத்தார்கள். இடைவெளி அடைபட்டதும், அடுத்த இடைவெளி வரைக்கும் மக்கள் எதிர்த்திசையில் போக வேண்டிய தூரம் இன்னும் நீண்டது. சர்வீஸ் சாலை நின்ற இடத்திலேயே நின்றது. அந்த ஊரிலிருந்து பால் சங்கத்துக்கு எவ்வளவு தூரம் என்று யாரும் அளந்து பார்க்கவில்லை.

விழிப்புணர்வுப் பிரசாரம் இருசக்கர வாகன ஓட்டிகளைக் காப்பாற்றுகிறதா என்று என்னைக் கேட்டால், இனி இப்படித்தான் சொல்வேன்: சட்டமும், அன்றாடக் கண்காணிப்பும், சாலைத் திருத்தமும் துணைக்கு வந்தால் காப்பாற்றும். தனியாக விட்டால், செத்தவர் மேல் குற்றத்தைச் சுமத்திவிட்டு மற்ற எல்லோரையும் விடுவிக்கும்.

எவ்வளவு பேரைப் பற்றிப் பேசுகிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி, இந்தியச் சாலைகளில் அந்த ஓராண்டில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல். அதே ஆண்டில் நாட்டிலேயே அதிக விபத்துகள் பதிவான மாநிலம் நம்முடையது: 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். நாம் பேரணி நடத்தாத ஆண்டல்ல அது.

பிரசாரத்தால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. சாலைப் பாதுகாப்புப் பிரசாரங்கள் குறித்துப் பல நாடுகளில் நடந்த 67 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு 2011இல் வெளிவந்தது. பிரசாரங்களை ஒட்டி விபத்துகள் சராசரியாக 9 சதவீதம் குறைந்தன என்பது அதன் முடிவு. நேருக்கு நேர் பேசியவையும், சாலையோரத்திலேயே ஓட்டுநரின் கண்ணில் பட்டவையும் கூடுதல் பலன் தந்தன என்றும் அது காட்டியது. 9 சதவீதம் என்பது சிறிய எண் அல்ல. நம் மாநிலக் கணக்கில் அது எத்தனை வீடுகள் என்று நினைத்துப் பாருங்கள். ஆனால் அப்படி ஆய்வுக்கு உட்பட்டவை முன்னும் பின்னும் அளந்து பார்க்கப்பட்ட பிரசாரங்கள். நாம் எதை அளந்தோம்? எத்தனை மாணவர்கள் நடந்தார்கள், எத்தனை துண்டறிக்கைகள் கொடுத்தோம் என்பதைத்தான் ஆண்டுதோறும் நான் படிவத்தில் நிரப்பி அனுப்பினேன். பேரணிக்குப் பின் எத்தனை தலைகளில் தலைக்கவசம் ஏறியது என்று கேட்கும் கட்டம் அந்தப் படிவத்தில் ஒருமுறையும் இருந்ததில்லை.

மலேசியாவைப் பாருங்கள். 1992இல் பகலிலும் மோட்டார் சைக்கிளின் முகப்பு விளக்கை எரியவிட வேண்டும் என்று அங்கே விதி வந்தது. அதற்குமுன் சில வாரங்கள் நாடெங்கும் பிரசாரம் செய்தார்கள். என்ன செய்ய வேண்டும், எந்த நாளிலிருந்து என்று அந்தப் பிரசாரம் தெளிவாகச் சொன்னது. அதன்பின் விதி வந்தது. கண்ணில் படாததால் நேரும் மோட்டார் சைக்கிள் விபத்துகள் கால் பங்குக்கு மேல் குறைந்ததாக அங்குள்ள ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். நம் நாட்டில் 2017 ஏப்ரலிலிருந்து புதிய இருசக்கர வாகனங்களில் இன்ஜின் ஓடினாலே விளக்கு எரியும்படி செய்துவிட்டார்கள். இனி அதற்குப் பதாகை தேவையில்லை. மறதிக்கும் சோம்பலுக்கும் அங்கே இடமே இல்லை.

வியட்நாம் இன்னும் நெருக்கமான உதாரணம். நம்மைப் போலவே இருசக்கர வாகனத்தை நம்பி வாழும் நாடு. அங்கே பல ஆண்டுகள் பிரசாரம் நடந்தது, சில சாலைகளில் மட்டும் தலைக்கவசம் கட்டாயமாக இருந்தது, பெரும்பாலோர் போடவில்லை. 2007 டிசம்பர் 15 முதல் எல்லாச் சாலைகளிலும், எல்லோருக்கும், பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் கட்டாயம் என்றார்கள். அன்றே காவலர்கள் சாலையில் நின்றார்கள். தலைக்கவசம் அணிந்தோர் 90 சதவீதத்தைத் தாண்டினார்கள். அடுத்த சில மாதங்களில் விபத்தில் தலையில் அடிபடும் அபாயம் 16 சதவீதமும், இறக்கும் அபாயம் 18 சதவீதமும் குறைந்ததாக மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். முந்தைய ஆண்டுகளின் பிரசாரம் வீணாகவில்லை. அந்த நாள் வந்தபோது மக்கள் எதிர்க்காமல் ஏற்றுக்கொள்ள அது மனத்தைப் பதப்படுத்தி வைத்திருந்தது. ஆனாலும் தலைக்கவசத்தைத் தலையில் ஏற்றியது அந்த டிசம்பர் 15தான்.

நம் மாநிலத்தின் கதையையும் நாம் மறக்கக் கூடாது. 2007 ஜூன் 1இல் ஒருமுறை கட்டாயமாக்கினார்கள். பிறகு சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2015 ஜூலை 1இல் மீண்டும். அதற்கு முந்தைய வாரத்தில் தலைக்கவசக் கடைகளில் நின்ற கூட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். விலையைக் கேட்டு வாயடைத்துத் திரும்பியவர்களில் நானும் ஒருவன். சொன்ன விலைக்கு வாங்கினார்கள் மக்கள். பிறகு சோதனை தளர்ந்தது. தலைக்கவசம் முதலில் கண்ணாடிக் கம்பிக்கும், பிறகு வீட்டு ஆணிக்கும் போயிற்று. 2022 அக்டோபரில் அபராதம் 100 ரூபாயிலிருந்து 1,000 ரூபாய் ஆனது. அப்போதும் சில வாரங்கள் சாலை மாறியதைப் பார்த்தேன். மூன்று முறையும் மக்கள் கீழ்ப்படிந்தார்கள். மூன்று முறையும் முதலில் கைவிட்டது நாம்தான். 'நம் மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை' என்று மேடையில் சொல்லும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பள்ளி வாசலில் நடந்ததையும் சொல்கிறேன். ஒரு ஜனவரியில், பிள்ளைகளை இறக்கிவிட வரும் பெற்றோரில் யார் தலைக்கவசம் அணிந்திருக்கிறார்கள் என்று ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைக் கொண்டு எண்ண வைத்தேன். பேரணிக்கு மறுநாள் எண்ணிக்கை கூடியிருந்தது, பிள்ளைகள் கைதட்டினார்கள். பிப்ரவரி கடைசியில் பழைய நிலைக்கே திரும்பிவிட்டது. அடுத்த ஆண்டு தலைமையாசிரியை ஒரு முடிவெடுத்தார். காலையில் தாமே வாசலில் நின்றார். தலைக்கவசம் இல்லாமல் வருகிற பெற்றோரிடம், ஆசிரியர்களிடமும்தான், இரண்டு நிமிடம் பேசுவார். திட்டமாட்டார், அபராதமும் இல்லை. ஆனால் ஒரு நாளும் தவறமாட்டார். அந்தக் கல்வியாண்டு முழுவதும் எங்கள் வாசலில் தலைக்கவசம் குறையவே இல்லை. அவர் மாறுதலாகிப் போனபின் குறைந்தது. கண்டிப்பு எவ்வளவு கடுமையானது என்பதை விட, நாளையும் அவர் அங்கே நிற்பார் என்ற உறுதிதான் வேலை செய்தது. மாதக் கடைசியில் மட்டும், வளைவில் மறைந்து நின்று, திடீரென்று குறுக்கே வந்து வண்டியை மறிக்கும் சோதனை அந்த உறுதியைத் தருவதில்லை. பயந்து வண்டியைத் திருப்புகிறவர் விழுகிறார்; மற்றவர்கள் எங்கே சோதனை என்று ஒருவருக்கொருவர் சைகை காட்டிக்கொள்கிறார்கள்.

தலைக்கவசத்தைப் பற்றி ஓர் அறிவியல் ஆசிரியராக இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சரியான தலைக்கவசம் இறப்பு அபாயத்தை 42 சதவீதமும், தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்பது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துக் கண்ட முடிவு. அந்த வேலையைச் செய்வது வெளியே பளபளக்கும் ஓடு மட்டும் அல்ல. உள்ளே தெர்மாகோல் போல அடர்த்தியாக இருக்கும் நுரைதான் மோதலின்போது தான் நசுங்கி, தலை நிற்கும் நேரத்தைச் சிறிது நீட்டித்து, மூளைக்குப் போகும் அதிர்ச்சியைக் குறைக்கிறது. சாலையோரத்தில் குவித்து விற்கும் அரைத் தொப்பிகளில் அந்த நுரை பெரும்பாலும் இருப்பதில்லை. தாடைப் பட்டையை மாட்டாவிட்டால் நல்ல தலைக்கவசமும் முதல் மோதலிலேயே கழன்று ஓடிவிடும். 2021 ஜூன் முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத இருசக்கர வாகனத் தலைக்கவசங்களைத் தயாரிப்பதும் விற்பதும் சட்டவிரோதம். அவை இன்றும் உங்கள் அலுவலகத்துக்குப் போகும் வழியிலேயே விற்கப்படுகின்றன. வாங்குகிறவர் போலீஸுக்காக வாங்குகிறார். ஏனென்றால் நம் பிரசாரம் 'தலைக்கவசம் போடு' என்றது. எந்தத் தலைக்கவசம், பட்டையை எப்படி மாட்டுவது என்று சொல்லவில்லை. வண்டி வாங்கும்போதே தரச்சான்று பெற்ற தலைக்கவசம் வழங்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 138 சொல்வது எத்தனை பேருக்குத் தெரியும்? அதை ஒரு பதாகையில் எழுதியிருக்கலாம்.

பின்னால் உட்காருகிறவர்களைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. 2022இல் தலைக்கவசம் அணியாமல் இறந்த 50,029 பேரில் 14,337 பேர் பின்னால் அமர்ந்திருந்தவர்கள். நம் ஊரில் அவர்கள் யார்? புடவை கட்டி ஒருபக்கமாக உட்கார்ந்த மனைவி, அம்மா, ஆசுபத்திரிக்குப் போகும் பாட்டி, அப்பாவின் முதுகைப் பிடித்த பிள்ளை. வீட்டில் ஒரே ஒரு தலைக்கவசம் இருந்தால் அது யார் தலைக்குப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. எங்கள் பேரணிகளின் பதாகைப் படங்களிலும் பின்னிருக்கை பெரும்பாலும் காலியாகவே இருந்தது. இதை நான் கவனிக்கவே பல ஆண்டுகள் ஆயின என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

இனி சாலைக்கு வருகிறேன். நான்கு சக்கர வாகனத்துக்கு ஒரு குலுக்கலாக முடிவது இருசக்கர வாகனத்துக்கு மரணமாக முடியலாம். தார் மேல் தார் போட்டதில் ஓர மண்ணிலிருந்து ஒரு சாண் உயர்ந்துவிட்ட சாலை விளிம்பு. பேருந்துக்கு ஒதுங்கியவரின் சக்கரம் அதில் இறங்கினால் திரும்ப ஏறாது. வெள்ளைக்கோடு அழிந்த வேகத்தடை. இரவில் பின்விளக்கு இல்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரியும் கரும்பு டிராக்டரும். திருப்பத்தில் சிதறிக் கிடக்கும் ஜல்லி. பள்ளம் தோண்டியவர்கள் வைக்காமல் போன சிவப்பு விளக்கு. இவற்றுக்கு எதிராக ஓட்டுநருக்கு என்ன விழிப்புணர்வைக் கொடுக்கப் போகிறோம்? விழிப்புணர்வு தேவைப்படுகிறவர்கள் இங்கே வேறு ஆட்கள்.

சட்டம் அதையும் சொல்கிறது. 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, சாலையை வடிவமைப்பதிலும் பராமரிப்பதிலும் உரிய தரத்தைக் கடைப்பிடிக்காததால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகாரிக்கோ ஒப்பந்ததாரருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. அதே திருத்தத்தில் வந்த 194டி பிரிவை, அதாவது தலைக்கவசத்துக்கான 1,000 ரூபாயை, எங்கள் ஊரில் டீக்கடைக்காரர் முதல் எல்லோரும் அறிவார்கள். 198ஏ பிரிவை நான் எந்தப் பதாகையிலும் பார்த்ததில்லை. உங்கள் மாவட்டத்தில் இதுவரை எத்தனை முறை அது பயன்பட்டது என்பதைப் பொதுமக்களுக்குத் தெரிவியுங்கள்.

உங்களிடம் தகவல் இல்லை என்று சொல்லவும் முடியாது. சென்னை ஐஐடி உருவாக்கிய ஒருங்கிணைந்த விபத்துத் தரவுத்தளம் இருக்கிறது. விபத்து நடந்த இடத்திலிருந்தே காவலர் கைப்பேசியில் பதிகிறார். நெடுஞ்சாலைத் துறையும் தன் பங்கைப் பதிய அதில் வழி உண்டு. ஐந்நூறு மீட்டருக்குள் மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்பட்ட ஐந்து விபத்துகள், அல்லது பத்து உயிரிழப்புகள் நேர்ந்தால், தேசிய நெடுஞ்சாலையில் அதை விபத்துப் பகுதியாக அறிவிக்க வேண்டும் என்பது வரையறை. எங்கள் விலக்கு இன்னும் அந்த எண்ணிக்கையைத் தொடவில்லை என்று எனக்கு ஒருமுறை பதில் வந்தது. அந்தப் பதிலைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இன்னும் எத்தனை பால்காரர்கள் தேவை என்று எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன்.

அடிபட்டபின் காப்பாற்ற நம் மாநிலம் நல்ல முயற்சி எடுத்திருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்து நடந்த முதல் 48 மணி நேர சிகிச்சைக்குக் காசு கேட்பதில்லை. அடிபட்டவரிடம் தலைக்கவசம் போட்டிருந்தாயா, எந்தத் திசையில் வந்தாய் என்று கேட்டுவிட்டு அது உதவவில்லை. தவறு செய்தவரும் பிழைக்க வேண்டும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. அதே எண்ணத்தைச் சாலை போடும்போதும் வையுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

ஆகவே வரும் ஜனவரியில் சிலவற்றைச் செய்யுங்கள். பேரணிக்குப் பிள்ளைகளை அழைக்க விரும்பினால், முந்தைய வாரமும் மூன்று மாதம் கழித்தும் அதே சந்திப்பில் தலைக்கவசங்களை எண்ண அவர்களை அனுமதியுங்கள். அந்த எண்களை ஆட்சியர் அலுவலக வாசலில் எழுதிப் போடுங்கள். ஓட்டியை ஒரு பத்தியிலும் பின்னிருப்பவரை மறு பத்தியிலும் எழுதுங்கள். போலித் தலைக்கவசக் குவியலை அகற்றுங்கள். அதே இடத்தில் சுயஉதவிக் குழுக்களைக் கொண்டு முத்திரையுள்ளவற்றை நியாய விலைக்கு விற்கச் செய்யுங்கள். பதாகைக்குப் போகும் பணத்தில் பாதியை, டிராக்டர்களுக்கும் மாட்டுவண்டிகளுக்கும் ஒட்டும் ஒளிரும் பட்டைகளுக்கும், வேகத்தடைகளுக்குப் பூசும் வெள்ளை வண்ணத்துக்கும் கொடுங்கள். இருசக்கர வாகனத்தில் சென்ற ஒருவர் இறந்தால், பதினைந்து நாளுக்குள் காவல் அதிகாரியும் சாலைப் பொறியாளரும் ஒன்றாக அந்த இடத்துக்கு, அந்த நேரத்துக்கே போக வேண்டும். இரவில் இறந்தவரின் இடத்தைப் பகலில் போய்ப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அவர்கள் கண்டதையும், என்ன செய்யப் போகிறார்கள் என்பதையும் ஒரே பக்கத்தில் தமிழில் எழுதி, ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டுங்கள். அந்தப் பக்கம்தான் அந்த ஊருக்குத் தேவையான விழிப்புணர்வுத் துண்டறிக்கை.

அன்று கேள்வி கேட்ட மாணவன் இப்போது ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். இன்றும் அந்த விலக்கைக் கடந்துதான் போகிறான். பட்டையை மாட்டிய தலைக்கவசத்தோடு, எதிர்த்திசையில். சில மாதங்களுக்கு முன் வழியில் பார்த்தபோது வண்டியை நிறுத்தி வணக்கம் சொன்னான். அவன் பழைய கேள்வியை நான் நினைவுபடுத்தவில்லை. என்னிடம் இன்னும் பதில் இல்லை.

ஒரு விடியற்காலை ஐந்தரை மணிக்கு எங்கள் விலக்குக்கு வாருங்கள். பால் வண்டிகள் கடக்கும் நேரம் அது. பொறியாளரையும் அழைத்து வாருங்கள். சர்வீஸ் சாலை நின்ற இடத்திலிருந்து சுரங்கப்பாதை வரை நாம் சேர்ந்தே அளந்துவிடலாம். நான் அங்கே காத்திருப்பேன்.

அன்புடன்,
சாலைப் பாதுகாப்பு மன்றத்தின் முன்னாள் பொறுப்பாசிரியர் ஒருவர்